பழைய பழப்பெட்டி லேபிளைப் படிப்பது எப்படி? கலிபோர்னியா ஆரஞ்சுப் பெட்டிகளை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

1880களின் நடுவிலிருந்து 1950களின் நடுப்பகுதி வரை, கலிபோர்னியாவில் ரயிலேறிய அநேகமாக ஒவ்வொரு ஆரஞ்சுப் பெட்டியின் முகப்பிலும் ஒரு வண்ணத் தாள் ஒட்டியிருந்தது. பனி மூடிய மலை, மயில், கப்பல், ரோஜா, தேவாலயம், பூ வைத்த பெண் என்று ஆயிரக்கணக்கான படங்கள். இன்று அவற்றைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறார்கள், சேகரிக்கிறார்கள், நூலகங்கள் பாதுகாக்கின்றன. எனக்கு இந்தத் தாள்கள் மீது தீராத ஆசை உண்டு. ஆனால் அழகான ஓவியமாக மட்டும் இவற்றைப் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. லேபிள் என்பது முதலில் ஒரு வியாபாரக் காகிதம். யார் கண்ணில் படுவதற்காக, எந்த இடத்தில், எவ்வளவு தூரத்திலிருந்து பார்ப்பதற்காக வரைந்தார்கள் என்பது தெரிந்தால்தான் அந்த மலையும் மயிலும் அங்கே ஏன் வந்தன என்பது புரியும். கீழே சொல்லும் வரிசை அதற்காகத்தான்.

லேபிள் எதற்குத் தேவைப்பட்டது

1873இல் ரிவர்சைடு என்ற ஊரில் எலைசா டிபெட்ஸ் என்ற பெண்மணிக்கு, வாஷிங்டனில் இருந்த அமெரிக்க வேளாண் துறையிலிருந்து இரண்டு ஆரஞ்சுக் கன்றுகள் வந்து சேர்ந்தன. பிரேசிலின் பாஹியா பகுதியைச் சேர்ந்த ரகம். விதை கிடையாது, தோல் சுலபமாக உரியும், குளிர்காலத்தில் பழுக்கும். நேவல் ஆரஞ்சு என்று உலகம் இன்று அறியும் பழம் அது. அந்த இரண்டு மரங்களில் ஒன்று இன்னமும் ரிவர்சைடில் உயிரோடு நிற்கிறது.

பழம் இருந்தது, வாங்குபவர்கள் கண்டத்தின் மறுகோடியில் இருந்தார்கள். 1869இல் இரு கடற்கரைகளையும் இணைக்கும் ரயில் பாதை முடிந்தது. 1876இல் லாஸ் ஏஞ்சலஸுக்கு அந்தத் தொடர்பு கிடைத்தது. மறு வருடமே அங்கே தோப்பு வைத்திருந்த உல்ஃப்ஸ்கில் குடும்பத்தார் செயின்ட் லூயிஸ் நகரத்துக்கு ஒரு வேகன் ஆரஞ்சு அனுப்பினார்கள். பின்னர் பனிக்கட்டி வைத்துக் குளிரூட்டிய வேகன்கள் வந்ததும் வியாபாரம் பெருகியது.

நியூயார்க், பாஸ்டன், பிலடெல்பியா போன்ற நகரங்களில் பழம் ஏலத்தில் விற்றது. மொத்த வியாபாரிகள் காலையில் வந்து, வேகனுக்குச் சில பெட்டிகள் வீதம் திறந்து வைத்த மாதிரியைப் பார்த்துவிட்டு, பிறகு ஏலத்தில் விலை கேட்பார்கள். எல்லா ஆரஞ்சும் ஒரே நிறம்தான். போன வாரம் வாங்கி நல்ல லாபம் தந்த பழம் எந்தத் தோப்பிலிருந்து வந்தது என்று எப்படி நினைவு வைத்துக்கொள்வது? ஆரம்ப நாட்களில் மரத்தில் சூடு போட்டோ, அச்சுத்தகடு வைத்து மை தடவியோ பெயர் எழுதினார்கள். அடுக்கிவைத்த பெட்டிகளில் வெளியே தெரிவது அகலம் குறைந்த முன்பக்கம் மட்டும். அந்தச் சின்ன மரப்பலகையில்தான் வண்ணத் தாள் வந்து உட்கார்ந்தது.

முதல் வேலை: தள்ளி நின்று பாருங்கள்

லேபிள் கையில் கிடைத்ததும் எல்லோரும் கண்ணருகே கொண்டுபோய் நுணுக்கங்களைத் தேடுகிறோம். அதற்கு முன் அதைச் சுவரில் சாய்த்துவிட்டு பத்திருபது அடி பின்னால் போங்கள். ஏலக் கூடத்து வியாபாரி பார்த்த பார்வை அதுதான். அங்கிருந்து பெயர் படிக்க முடிகிறதா? ஒரே ஒரு உருவமாவது தெளிவாகத் தெரிகிறதா?

இந்தச் சோதனை காலத்தையும் தோராயமாகக் காட்டிக் கொடுக்கும். 1920 வரையிலான லேபிள்களில் நிறைய சங்கதி இருக்கும்: தோப்பு, வீடு, குதிரை வண்டி, மலை, சுருள் சுருளான எழுத்து. கையில் வைத்துப் பார்க்க அற்புதம், தூரத்தில் எல்லாம் கலங்கிவிடும். 1920களில் விளம்பரத் தொழில் வளர்ந்ததும் படம் சுருங்கி, எழுத்து பெருத்தது. 1930களின் பின்பாதியிலிருந்து தடித்த, நிழல் விழுந்த, சாய்வாகப் பாயும் எழுத்தே லேபிளின் நாயகன் ஆனது. சிலவற்றில் படமே இல்லை, வெறும் பெயர்தான்.

எந்தக் காலத்து லேபிள் அழகு என்று கேட்டால் நான் 1920களைச் சொல்வேன். பழைய கைவேலையின் பொறுமையும் புதிய வடிவமைப்பின் தெளிவும் சேர்ந்து கிடைப்பது அந்தச் சில ஆண்டுகளில்தான்.

அளவுகோலை எடுங்கள்

இது சின்ன வேலை, ஆனால் விட்டுவிடக் கூடாது. கலிபோர்னியா ஆரஞ்சு லேபிள் சுமார் 10க்கு 11 அங்குலம். எலுமிச்சை லேபிள் இன்னும் அகலம், உயரம் குறைவு: சுமார் 9க்கு 12. புளோரிடா ஆரஞ்சு லேபிள் பெரும்பாலும் 9 அங்குலச் சதுரம். வாஷிங்டன் மாநில ஆப்பிள் லேபிள் சுமார் 9க்கு 10½. திராட்சைப் பெட்டிக்கு ஒல்லியான நீளத் தாள். பெட்டியின் வடிவம்தான் தாளின் வடிவம், ஆகவே படத்தில் பழமே இல்லாவிட்டாலும் உள்ளே இருந்தது என்ன என்று அளவு சொல்லிவிடும். பின்னால் போலியைக் கண்டுபிடிக்கவும் இந்த எண்கள் உதவும்.

பின்னணி நிறத்தைக் கவனியுங்கள்

பழத்தைப் பெட்டியில் அடுக்கி அனுப்பும் கூடத்துக்கு பேக்கிங் ஹவுஸ் என்று பெயர். ஒரே பேக்கிங் ஹவுஸ் இரண்டு மூன்று பெயர்களில் பழம் அனுப்பும். முதல் தரத்துக்கு ஒரு பெயர், இரண்டாம் தரத்துக்கு வேறு பெயர், வேறு படம். நிறமும் இதில் பங்கு வகித்தது. வாஷிங்டன் ஆப்பிளில் நீலப் பின்னணி உயர்ந்த தரம், சிவப்பு அடுத்த தரம், அதற்கும் கீழே போனால் பச்சை போன்ற வேறு நிறம் என்ற வழக்கம் பரவலாக இருந்தது. புளோரிடாவிலும் கிட்டத்தட்ட இதே முறை. கலிபோர்னியாவில் ஆரஞ்சு விவசாயிகளின் கூட்டுறவு அமைப்பின் முதல் தரம் 'சன்கிஸ்ட்', இரண்டாம் தரம் 'ரெட் பால்'. இதையெல்லாம் சட்டம் போல எடுத்துக்கொள்ள வேண்டாம். விதிவிலக்குகள் ஏராளம். ஆனால் ஒரே ஊரின் இரண்டு லேபிள்கள், ஒன்று நீலம் மற்றொன்று சிவப்பு என்று கிடைத்தால், தரத்தைப் பற்றிய பேச்சு அது என்று முதலில் சந்தேகப்படலாம்.

எழுத்துகளை ஓரம் வரை படியுங்கள்

பெரிய எழுத்தில் இருப்பது பிராண்ட் பெயர். நமக்கு வேண்டிய விவரம் சிறிய எழுத்தில் இருக்கும். பழத்தைப் பெட்டியில் கட்டியது யார், எந்த ஊர், எந்த மாவட்டம் என்பது கீழ் ஓரத்தில் இருக்கும். ரெட்லேண்ட்ஸ், பிளசென்ஷியா, ஃபில்மோர், சான்டா பாலா, கோவினா, அப்லேண்ட் என்று தெற்குக் கலிபோர்னியாவின் ஆரஞ்சு வரைபடமே இந்த வரிகளில் கிடைக்கும். இவற்றில் பல ஊர்களில் இப்போது தோப்புக்குப் பதில் வீடுகள் நெருக்கமாக நிற்கின்றன. அங்கே ஆரஞ்சு விளைந்ததற்குப் பொதுமக்கள் கையில் இருக்கும் சாட்சியம் பல நேரம் இந்தத் தாள்தான்.

காலத்தைக் கணிக்க அமைப்பின் பெயர் மிகவும் நம்பகமான தடயம். விவசாயிகள் 1893இல் தெற்குக் கலிபோர்னியா பழப் பரிமாற்றகம் என்ற கூட்டுறவை அமைத்தார்கள். 1905இல் அது கலிபோர்னியா பழ விவசாயிகள் பரிமாற்றகம் ஆனது. 1908இல் 'சன்கிஸ்ட்' என்ற பெயர் பிறந்தது. 1952இல் அமைப்பே சன்கிஸ்ட் குரோவர்ஸ் என்று மாறியது. ஆக, தாளில் சன்கிஸ்ட் முத்திரை இருந்தால் அது 1908க்கு முந்தையதாக இருக்க வழியில்லை. ஒரு பழைய வடிவமைப்பின் மேல் பின்னாளில் அந்த முத்திரையைச் சேர்த்து மறுபடி அச்சிட்டிருப்பார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். படம் 1900இல் வரைந்ததாக இருக்கலாம், தாள் 1925இல் அச்சானதாக இருக்கலாம். கூட்டுறவுக்குப் போட்டியாக இருந்த அமைப்பின் பிராண்ட் பெயர் 'ப்யூர் கோல்ட்'. அந்த முத்திரையும் அடிக்கடி கண்ணில் படும்.

நகரப் பெயருக்குப் பக்கத்தில் ஒன்றிரண்டு இலக்க அஞ்சல் மண்டல எண் இருந்தால் அது 1943க்குப் பிந்தையது.

ஓரத்தில் அச்சகத்தின் பெயரும் எறும்பு எழுத்தில் இருக்கும். சான் பிரான்சிஸ்கோவின் ஷ்மிட், லாஸ் ஏஞ்சலஸின் வெஸ்டர்ன் ஆகிய இரண்டும் பெரிய பெயர்கள். ஷ்மிட் அச்சகத்தை 1870களில் தொடங்கிய மேக்ஸ் ஷ்மிட் ஜெர்மனியிலிருந்து குடியேறியவர். 1906 நிலநடுக்கமும் அதைத் தொடர்ந்த தீயும் சான் பிரான்சிஸ்கோவின் அச்சகங்களைச் சூறையாடின. அதற்கு முந்தைய லேபிள்கள் அரிதாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஓவியர் பெயரைத் தேடினால் ஏமாற்றம்தான். அவர்கள் அச்சகத்தில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்கள், கையெழுத்துப் போடும் வழக்கம் இல்லை. வெஸ்டர்ன் அச்சகத்தில் வேலை பார்த்த ஒத்தெல்லோ மிக்கெட்டி போன்ற ஒருசிலரின் பெயர்தான் மிஞ்சியது. இவ்வளவு திறமை பெயரில்லாமல் போனது எனக்கு இன்றும் வருத்தம் தரும் விஷயம்.

பூதக்கண்ணாடியில் அச்சைப் பாருங்கள்

பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி போதும்.

பழைய லேபிள்கள் கல்லச்சில் உருவானவை. எண்ணெயும் தண்ணீரும் சேராது என்ற ஒரே உண்மையை வைத்து, 1790களின் இறுதியில் ஜெர்மனியில் அலோய்ஸ் செனஃபெல்டர் கண்டுபிடித்த முறை இது. பவேரியாவின் வழவழப்பான சுண்ணாம்புக்கல்லில் மெழுகுத்தன்மையுள்ள மையால் வரைவார்கள். கல்லை ஈரமாக்கி மை உருட்டினால், வரைந்த இடம் மட்டும் மையைப் பிடிக்கும். ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல். ஆறு நிறம் என்றால் ஆறு கல், ஆறு முறை அச்சு, ஒவ்வொரு முறையும் இம்மி பிசகாமல் பொருந்த வேண்டும். கன்னத்தின் சிவப்பு மெல்ல வெளிறிப் போவதைக் காட்ட ஓவியர் நூற்றுக்கணக்கான புள்ளிகளைக் கையாலேயே வைப்பார். 1894இல் ரவி வர்மா பம்பாயில் தொடங்கிய அச்சகத்திலிருந்து நம் வீடுகளுக்கு வந்த லட்சுமியும் சரஸ்வதியும் இதே முறையில், இதே காலத்தில் அச்சானவர்கள்தான். அந்தப் பழைய சாமி படம் வீட்டில் இருந்தால் அதையும் கண்ணாடியில் பாருங்கள், கை பழகும்.

கல்லச்சில் புள்ளிகள் ஒழுங்கில்லாமல் இருக்கும். பெரிதும் சிறிதுமாக, ஓவியர் கை போன போக்கில். ஒரு நிறத்தின் ஓரம் அடுத்த நிறத்தின் மேல் லேசாக ஏறியிருக்கும். பின்னர் கல்லுக்குப் பதில் உலோகத் தகடு வந்தது, அதன் பிறகு புகைப்பட முறையிலான ஆஃப்செட். ஆஃப்செட்டில் புள்ளிகள் கோலப்புள்ளி போல வரிசை தப்பாமல், நான்கு நிறங்கள் சேர்ந்து சின்னச் சின்னப் பூவாகத் தெரியும்.

இனி படத்துக்கு வருவோம்

அதிக நேரம் கொடுக்க வேண்டிய இடம் இது.

பலரும் முதலில் சந்தேகப்படுவது பனிமலையை. கீழே பழுத்துக் குலுங்கும் ஆரஞ்சு, மேலே வெள்ளைச் சிகரம். ஓவியர் கற்பனை என்று நினைப்போம். உண்மையில் நேவல் ஆரஞ்சு பழுப்பது குளிர்காலத்தில், அப்போது சான் கேப்ரியல், சான் பெர்னார்டினோ மலைகளின் உச்சியில் பனி இருக்கும். தோப்பில் நின்று தலையைத் தூக்கினால் இரண்டும் சேர்ந்தே தெரியும். அதேபோல ஒரே கிளையில் பூவும் பழமும் இருப்பதையும் நம்பலாம். வலென்சியா ரகத்தில் புதுப் பூ வரும்போது போன பருவத்துப் பழம் மரத்திலேயே தங்கியிருக்கும். நியூயார்க்கில் பனிக்காற்றில் நடுங்கிக்கொண்டு நிற்கும் வியாபாரிக்கு இந்தப் படம் என்ன செய்திருக்கும் என்று யோசியுங்கள். கலிபோர்னியா பழத்தோடு சேர்த்துத் தன் வெயிலையும் விற்றது. அந்த மாநிலத்துக்குக் குடிபெயர ஆசைப்பட்ட மக்களைத் தூண்டியதில் இந்த லேபிள்களுக்கும் பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

அடுத்து ஸ்பானியப் பாதிரிமார்களின் மிஷன் கட்டடங்கள். வெள்ளைச் சுவர், மணி தொங்கும் வளைவு, நடந்து போகும் துறவி. இதற்கும் ஒரு அடிப்படை உண்டு: கலிபோர்னியாவின் முதல் பெரிய ஆரஞ்சுத் தோப்பு சான் கேப்ரியல் மிஷனில் 1804வாக்கில் உருவானது. ஆனால் அந்த மிஷனைக் கட்டியதும் தோப்பில் உழைத்ததும் டோங்வா பழங்குடியினர். பலர் தங்கள் விருப்பம் இல்லாமலே அங்கே வைக்கப்பட்டிருந்தார்கள், நோயில் மடிந்தார்கள். லேபிளில் அமைதியும் மாலை வெயிலும் மட்டுமே இருக்கும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடியேறிய வெள்ளையர்கள் தங்களுக்கென ஒரு இனிமையான பழங்காலத்தை உருவாக்கிக்கொண்டார்கள், லேபிள் அதைப் பெட்டி பெட்டியாக ஏற்றி அனுப்பியது.

பழங்குடியினரின் உருவங்களும் நிறைய உண்டு, குறிப்பாக வாஷிங்டன் ஆப்பிள் லேபிள்களில். 'ஸ்கூக்கம்' என்ற பெயர்பெற்ற ஆப்பிள் லேபிளில் சிரிக்கும் பழங்குடி முகம் ஒன்று இருக்கும். இறகு வைத்த தலை என்ற ஒரே அச்சில் எல்லா இனத்தையும் வார்த்துவிடுவார்கள். கறுப்பின மக்களைக் கேலி செய்யும் லேபிள்களும் இருந்தன. அழகான தொழில்நுட்பம் என்பதற்காக இவற்றைப் பார்த்து நெளியாமல் கடந்துபோகக் கூடாது. சேகரிப்பில் வைத்தாலும் என்ன படம், ஏன் தவறு என்று குறிப்போடு வைப்பதே முறை.

பிறகு விவசாயிகளின் சொந்த விருப்பங்கள். பிளசென்ஷியாவின் 'கலிடோனியா' லேபிளில் ஸ்காட்லாந்தின் கட்டம் போட்ட துணியும் முட்செடிப் பூவும் இருக்கும். எங்கிருந்து வந்தோம் என்ற நினைவைப் பெட்டியின் மேல் ஒட்டிவிட்டார்கள். ஃபில்மோரின் 'ஏர்ஷிப்' காலத்தோடு ஓடியது: பெயர் அப்படியே இருக்க, பிந்தைய பதிப்பில் பெரிய விமானம் ஒன்று பறக்கிறது. சான்டா பாலாவின் 'ஸ்ட்ரெங்த்' லேபிளில் யானை. நம் ஊர்க்காரர்களுக்கு யானையைப் பார்த்ததும் பிடித்துப்போகும்.

எனக்கு மிகவும் பிடித்தது லெமன் கோவ் என்ற ஊரின் 'ஹேவ் ஒன்'. ஒரு கை, அதில் ஒரு ஆரஞ்சு. எடுத்துக்கோ என்று நீட்டுகிறது. மலையும் இல்லை, தோப்பும் இல்லை, கதையும் இல்லை. தூரத்துப் பார்வைக்கு இதைவிடத் தெளிவான படம் கிடையாது. கிட்ட வந்தால் விரல்களின் வளைவை எவ்வளவு கவனமாக வரைந்திருக்கிறார்கள் என்பதும் தெரியும்.

கடைசியாக, படத்தில் இல்லாததைத் தேடுங்கள். தோப்புகள் தோப்பாக இருக்கும், பழம் பறிக்கும் ஆளைக் காண்பது அபூர்வம். சீனர்கள், ஜப்பானியர்கள், மெக்சிகோக்காரர்கள், பிலிப்பினோக்கள் என்று அலை அலையாக வந்தவர்கள்தான் ஏணி மீது ஏறிப் பழம் வெட்டினார்கள். பேக்கிங் ஹவுஸில் நின்றுகொண்டே ஒவ்வொரு பழத்தையும் மெல்லிய தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்கியவர்கள் பெரும்பாலும் பெண்கள். 1936இல் ஆரஞ்சு கவுண்டி என்ற மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான மெக்சிகோத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆயுதம் ஏந்திய காவலர்களை நிறுத்தி அதை அடக்கினார்கள். அந்த வருடமும் அந்த மாவட்டத்துப் பெட்டிகளில் ஆளில்லாத, அமைதியான தோப்புகளே போய்ச் சேர்ந்தன. லேபிளில் சிரிக்கும் பெண் நன்றாக உடுத்திய ஒரு அழகி. பழம் சுற்றிய பெண் அதில் வரவே இல்லை.

அசலா, மறு அச்சா?

நல்ல செய்தி: அசல் லேபிள்கள் பல இன்றும் சில டாலருக்கே கிடைக்கும். 1950களின் நடுவில் மரப்பெட்டி போய் அட்டைப்பெட்டி வந்தபோது, அச்சிட்டு ஒட்டாமல் மிஞ்சிய கட்டுகள் பேக்கிங் ஹவுஸ் பரண்களில் கிடந்தன. அவைதான் சந்தைக்கு வந்தன. ஆகவே தாள் புத்தம் புதிதாக இருப்பதாலேயே போலி என்று முடிவுகட்ட வேண்டாம். விலை ஏறுவது 1900ஐ ஒட்டிய, எண்ணிக்கையில் குறைந்த லேபிள்களுக்குத்தான், அவை நூற்றுக்கணக்கான டாலரைத் தாண்டும்.

சோதனை இப்படி: முதலில் அளவு. அரை அங்குலத்துக்கு மேல் வேறுபட்டால் ஏன் என்று கேளுங்கள். அப்புறம் பூதக்கண்ணாடி. 1910இன் படம் என்று சொல்லும் தாளில் வரிசைப் புள்ளிகள் இருந்தால் அது பின்னாளில் படமெடுத்து அச்சிட்டது. மூன்றாவதாக, இருட்டறையில் புற ஊதா டார்ச் அடியுங்கள். புதிய காகிதத்தில் வெண்மையாக்கும் ரசாயனம் கலப்பதால் நீலமாக மினுங்கும், பழைய காகிதம் மங்கலாகவே இருக்கும். 1950களின் கடைசி அசல்களும் மினுங்கலாம் என்பதால் இந்த ஒரு சோதனையை மட்டும் நம்ப வேண்டாம்.

பெட்டிப் பலகையோடு ஒட்டியிருக்கும் லேபிள் கிடைத்தால் தண்ணீரில் ஊறவைத்து உரிக்காதீர்கள். அந்தப் பலகையில் பழ எண்ணிக்கை முத்திரை இருக்கக்கூடும்: 126, 176, 216, 288 என்பது போன்ற எண்கள், ஒரு பெட்டியில் எத்தனை பழம் என்பதைக் குறிப்பவை. எண் கூடினால் பழம் சிறிது. மரமும் தாளும் சேர்ந்திருப்பதுதான் முழுச் சான்று.

பாதுகாப்பது

லேமினேஷன் செய்யாதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள். இரண்டும் தாளைக் கொல்லும். அமிலமில்லாத அட்டையை முதுகுக்கு வைத்து, பாலியெஸ்டர் உறையில் படுக்கை வாட்டத்தில் வையுங்கள். பிவிசி உறை வேண்டாம், நாளடைவில் மையோடு ஒட்டிக்கொள்ளும். சென்னை, யாழ்ப்பாணம், சிங்கப்பூர் போன்ற ஈரக்காற்று ஊர்களில் சிலிக்கா ஜெல் பையும் மாதத்துக்கொரு முறை பூச்சிச் சோதனையும் கட்டாயம். சுவரில் மாட்டுவதென்றால் வெயில் படாத சுவர். விவரங்களை உறையின் மேல் தனிச் சீட்டில் எழுதுங்கள். லேபிளின் முதுகில் எழுதியே ஆகவேண்டும் என்றால் மெல்லிய பென்சில் மட்டும்.

எங்கிருந்து தொடங்கலாம்

காசு கொடுத்து வாங்கும் முன் கண்ணைப் பழக்குங்கள். சான் மரினோவில் உள்ள ஹண்டிங்டன் நூலகத்தில் ஜே லாஸ்ட் என்பவர் கொடுத்த மாபெரும் அச்சுக்கலைச் சேகரிப்பு இருக்கிறது. சிலிக்கான் சில்லு தொழிலுக்கு அடித்தளமிட்ட ஃபேர்சைல்டு நிறுவனத்தை 1957இல் தொடங்கிய எட்டு பேரில் அவரும் ஒருவர். அந்தச் சேகரிப்பின் ஒரு பகுதியை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பொமோனா நகரப் பொது நூலகத்திலும் ஆரஞ்சு, எலுமிச்சை லேபிள்களின் நல்ல தொகுப்பு உண்டு.

ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் பார்க்காமல் ஒரு ஊரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ரெட்லேண்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஊர் லேபிள்களைக் காலவரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஐந்து விவரம் குறியுங்கள்: பேக்கிங் ஹவுஸ், அமைப்பின் பெயர், அச்சகம், பின்னணி நிறம், படத்தில் மனிதர் உண்டா இல்லையா. ஏழெட்டு லேபிள் முடிப்பதற்குள் எது முதல் தரப் பெயர், எது இரண்டாம் தரப் பெயர், எந்தப் படத்தை மறுபடி அச்சிட்டபோது எதை நீக்கினார்கள் என்று தானாகவே பிடிபடத் தொடங்கும். அடுத்து பக்கத்து ஊரான ஹைலேண்டை எடுங்கள்.